அந்த ரெட் ஒயினை இன்னொரு நாளைக்கு வையுங்கள்

கேள்வி: எங்கள் திருமண நாள் வருகிறது. இந்த முறை வெளியே போகாமல் வீட்டிலேயே நான் சமைத்து, மெழுகுவத்தி எல்லாம் ஏற்றி, மனைவிக்கு விருந்து வைக்கலாம் என்று இருக்கிறேன். முதலில் ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட், அப்புறம் வெண்ணெயில் வறுத்த சால்மன் மீனும் காளானும், கடைசியில் சாக்லேட் கேக். அவளுக்குக் கொஞ்சம் காரம் வேண்டும், அதனால் மீன் மேல் மிளகாய் தூவுவேன். பரிசாக வந்த கேபர்னே சாவினியோன் ரெட் ஒயின் ஒன்று வீட்டில் இருக்கிறது, விலை உயர்ந்தது என்று சொன்னார்கள். அதைத் திறக்கலாமா? அவள் இதற்கு முன் இரண்டு மூன்று தடவை ரெட் ஒயின் குடித்துப் பார்த்துவிட்டு, ‘கசக்கிறது, வாயெல்லாம் இழுக்கிறது’ என்று வைத்துவிட்டாள். எனக்கும் இதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு உணவுக்கும் ஒவ்வொரு பாட்டில் வாங்க வேண்டுமா?

பதில்: திறக்காதீர்கள். அது நல்ல ஒயினாகவே இருக்கட்டும், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டோடு அது சேராது, உங்கள் மனைவிக்கும் சேராது. எனக்கு இந்த இரண்டாவது காரணம்தான் முக்கியம். உணவகத்தில் ஒயின் தேர்ந்து கொடுப்பதுதான் என் வேலை, ஜோடியாக வந்து உட்காருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுவரை குடித்ததில் எது பிடிக்கவில்லை என்பதைத்தான். என்ன பிடிக்கும் என்று கேட்டால் பலரும் எங்கேயோ கேள்விப்பட்ட பெயரைச் சொல்லிவிடுவார்கள், பிடிக்காததைக் கேட்டால் உண்மை வந்துவிடும். உங்கள் மனைவி அந்த உண்மையை ஏற்கெனவே சொல்லிவிட்டார், நீங்களும் மறக்காமல் எழுதிவிட்டீர்கள். பாதி வேலை முடிந்தது.

வாய் இழுக்கிறது என்று அவர் சொன்னாரே, அது டானின் செய்யும் வேலை. திராட்சையின் தோல், விதை, காம்பு இவற்றிலிருந்து வருவது. ரெட் ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுவதால் நிறத்தோடு துவர்ப்பும் இறங்கிவிடுகிறது, வெள்ளை ஒயினில் பெரும்பாலும் சாற்றை மட்டும் பிழிந்து எடுத்துவிடுவதால் அது இருப்பதில்லை. டானின் நம் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்ளும், வழவழப்பு போய் நாக்கும் ஈறும் ஒட்டிக்கொள்வது போல் ஆகும், இலையை எடுக்க மறந்து ரொம்ப நேரம் ஊறிப்போன பால் இல்லாத தேநீரைக் குடித்த மாதிரி. கேபர்னே சின்னப் பழம், தடித்த தோல், அதனால் டானின் அதிகம். கொழுப்பு நிறைந்த மாட்டிறைச்சியை மென்றுகொண்டே குடித்தால் டானின் அந்தப் புரதத்தோடு போய்ச் சேர்ந்துவிடும், ஒயின் சாதுவாகிவிடும். ஆகவே அந்த பாட்டிலை வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் படுக்க வைத்துவிட்டு, அப்படி ஒரு சாப்பாடு சமைக்கும் நாளில், அதை விரும்பிக் குடிக்கக்கூடிய நண்பர் வரும்போது எடுங்கள்.

சால்மனிலும் கொழுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, சிக்கலே அங்கேதான். ‘மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம், ஏன் என்று கேட்டால் டானினைக் காட்டுவார்கள். 2009-இல் ஜப்பானில் மெர்சியன் என்ற ஒயின் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நிறைய ரெட் ஒயின்களையும் வெள்ளை ஒயின்களையும் ஸ்காலப் என்ற சிப்பியோடு சேர்த்துச் சுவைக்க வைத்துப் பார்த்தார்கள். மீனோடு ரெட் ஒயின் குடித்தால் வாயில் தங்கும் அந்த மீன் கவிச்சிக்கு முக்கியக் காரணம் ஒயினில் உள்ள இரும்பு என்று கண்டார்கள். இரும்பு அதிகமாக இருந்தால் கவிச்சியும் அதிகம், அந்த இரும்பைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்தால் கவிச்சி குறைந்தது. மீனின் கொழுப்பு சீக்கிரம் சிதையக்கூடியது, இரும்பு அதைத் தூண்டிவிடுகிறது. இரும்பு எவ்வளவு என்று எந்த லேபிளிலும் போடுவதில்லை, சிவப்பில் அது பொதுவாகக் கொஞ்சம் கூடுதல், அதனால்தான் அந்தப் பழைய விதி பெரும்பாலும் பலித்துவிடுகிறது. எப்போதும் பலிக்காது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, மிளகாய். காரத்தை நம் வாய் உணர்வது சூட்டை உணரும் அதே நரம்பு வாசல் வழியாகத்தான், மதுவின் ஆல்கஹாலும் அதே வாசலைத் தட்டுகிறது. உங்கள் கேபர்னேயின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், 14 சதவீதமோ அதற்கு மேலோ போட்டிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதைக் காரத்தின் மேல் ஊற்றினால் காரம் இரட்டிப்பாகத் தெரியும், துவர்ப்பும் கூடும், திருமண நாளில் அவர் தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பார்.

சரி, என்ன வாங்குவது? நான் தேடுவது புளிப்பு. ஒயினில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே ஒரு பதில் சொல்ல வேண்டும் என்றால் அதுதான்: தட்டில் இருக்கும் புளிப்பைவிட கிளாஸில் இருக்கும் புளிப்பு ஒரு சொட்டாவது தூக்கலாக இருக்க வேண்டும். சாலட்டில் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றப் போகிறீர்கள், ஆட்டுப்பால் சீஸும் லேசாகப் புளிக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டுப் புளிப்பு குறைந்த ஒயினைக் குடித்தால் எவ்வளவு கொடுத்து வாங்கியதும் சப்பென்று இருக்கும். அடுத்து மீனில் வெண்ணெய், காளானிலும் வெண்ணெய், அந்தப் பிசுக்கை ஒவ்வொரு வாய்க்கும் கழுவிவிட்டு அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் பண்ணுவதும் புளிப்புதான். ஆக சாலட்டுக்கும் மீனுக்கும் ஒரே பாட்டில் போதும். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் 5 கிளாஸ் வரும், இரண்டு பேருக்கு அது தாராளம். உணவுக்கு ஒன்று என்று அடுக்கினால் நீங்கள் மேஜையில் உட்காருவதைவிடத் தக்கையோடு மல்லுக்கட்டும் நேரம்தான் அதிகமாக இருக்கும், தவிர இவ்வளவையும் குடித்துவிட்டு மறுநாள் எழுவதும் கஷ்டம்.

உங்கள் மேஜைக்கு என் முதல் தேர்வு ஸ்பார்க்ளிங் ஒயின், அதாவது குமிழி உள்ள ஒயின், அதிலும் லேபிளில் ப்ரூட் என்று போட்ட, இனிப்பு குறைந்த வகை. புளிப்பு நன்றாக இருக்கும், ஆல்கஹால் 12 சதவீதம் பக்கத்தில் நிற்கும், வாயை இழுக்கும் சமாச்சாரமே கிடையாது, ஒயினே எனக்கு வேண்டாம் என்று சொல்பவர்கள்கூட முதல் கிளாஸை முடித்துவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கொண்டாட்டத்துக்கு உரிய களையும் தானாக வந்துவிடும், நீங்கள் அதற்காகத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஷாம்பெயின்தான் வேண்டும் என்று இல்லை. பிரான்ஸில் ஷாம்பெயின் அல்லாத மற்றப் பகுதிகளிலிருந்து வரும் க்ரேமான், ஸ்பெயினின் காவா இரண்டும் ஷாம்பெயினைப் போலவே பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது தடவை நொதிக்க வைத்துக் குமிழி ஏற்றியவை, அந்தப் பெயருக்குக் கொடுக்கும் பணம் உங்களுக்கு மிச்சம். இத்தாலியின் ப்ரொசெக்கோவைப் பெரும்பாலும் பெரிய தொட்டியில் வைத்துத்தான் நொதிக்க விடுகிறார்கள், அது பழவாசனையோடு இலேசாக இருக்கும், சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க எனக்கும் பிடிக்கும், ஆனால் வெண்ணெய் மீனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நோஞ்சான்.

கடையில் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது, அது லேபிள். ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்று போட்டிருந்தால் சர்க்கரையே இல்லாதது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிடையாது. ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரை என்றால் 12 முதல் 17 கிராம், வெறும் ‘ட்ரை’ அல்லது ‘செக்’ என்றால் 17 முதல் 32 வரை, ‘டெமி செக்’ அதற்கும் மேலே 50 வரை. தலைகீழாக வைத்திருக்கிறார்கள், யாரும் மாற்றப் போவதும் இல்லை. ப்ரூட் நேச்சர், எக்ஸ்ட்ரா ப்ரூட் இரண்டும் ப்ரூட்டைவிட வறண்டவை, அதாவது சர்க்கரை இன்னும் குறைவு, முதல் தடவை குடிப்பவருக்கு அந்தப் புளிப்பு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், வேண்டாம்.

இதில் ஒரு நிபந்தனை. குமிழியும் நாக்கைக் கொஞ்சம் குத்தும், காரத்தின் மேல் அது இன்னும் குத்தலாம். மிளகாயை நீங்கள் பேருக்குத் தூவினால் பிரச்சினை இல்லை. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குப் போடுவதுதான் அவருக்கு இஷ்டம் என்றால் ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினுக்கு மாறிவிடுங்கள், கபினெட் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். புளிப்பு கத்தி மாதிரி இருக்கும், கூடவே கொஞ்சம் இனிப்பும் இருப்பதால் காரம் அடங்கும். இனிப்பு உண்டா இல்லையா என்று சந்தேகம் வந்தால் சதவீதத்தைப் பாருங்கள்: 8, 9 என்று இருந்தால் சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறாமல் மிச்சம் நிற்கிறது என்று பொருள், 12-ஐத் தாண்டினாலோ ‘ட்ரோக்கன்’ என்று போட்டிருந்தாலோ அது வறண்ட வகை. உண்மையைச் சொன்னால், ஒயின் பழகாத ஒருவருக்கு முதல் பாட்டில் எது என்று கேட்டால் சாப்பாடு எதுவாக இருந்தாலும் என் கை இதன் பக்கம்தான் போகும். இனிப்பான ஒயின் என்றால் விவரம் தெரியாதவர்கள் குடிப்பது என்று ஒரு மிதப்பு நிலவுகிறது, அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆட்டுப்பால் சீஸ் என்றதும் சாவினியோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினைச் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பிரான்ஸின் சான்சேர் பகுதியில் அந்தத் திராட்சையும் ஷாவினியோல் ஊரின் ஆட்டுப்பால் சீஸும் பக்கத்துப் பக்கத்தில் விளைந்து பழகியவை, பொருத்தம் அருமைதான், சாலட் மட்டுமே சாப்பாடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லிவிடுவேன். காளானும் வெண்ணெயும் வரும்போது அதன் பச்சிலை வாசனை தனியாக நிற்கும், அவ்வளவுதான் என் தயக்கம்.

இல்லை, மேஜையில் சிவப்பு நிறம் இருந்தே ஆக வேண்டும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அது அழகு என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் பினோ நுவார் என்ற ரெட் ஒயினை வாங்குங்கள். விதி பலிக்காத இடம் என்றேனே, அது இதுதான். மெல்லிய தோல் உள்ள பழம், டானின் குறைவு, புளிப்பு உண்டு, காளானுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது, சால்மனோடும் நன்றாகப் போகும். ஆனால் அன்றைக்கு மீனில் மிளகாய் கூடாது, ஒயினையும் குளிர்பதனப் பெட்டியில் அரைமணி நேரமாவது வைத்து 13, 14 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். ரெட் ஒயினை அறை வெப்பத்தில் கொடுக்க வேண்டும் என்பது வீடுகள் குளிராக இருந்த காலத்துப் பேச்சு, 25, 28 டிகிரி அறையில் வைத்த சிவப்பு ஒயினில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

கேக்குக்கு வருவோம். மீதமுள்ள ப்ரூட்டைக் கேக்கோடு குடிக்க நினைக்காதீர்கள், தட்டில் இருப்பதைவிட ஒயின் இனிப்பாக இல்லை என்றால் ஒயின் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும், இதுவரை நன்றாக இருந்த பாட்டிலின் பெயரைக் கடைசி ஐந்து நிமிடம் கெடுத்துவிடும். டார்க் சாக்லேட்டும் காட்டமான ரெட் ஒயினும் காதலர்களுக்கு உகந்த ஜோடி என்று எழுதுகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, இரண்டு கசப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும் என்பதுதான் நான் கண்டது. இத்தாலியின் பிராகெட்டோ டாக்வி கிடைத்தால் வாங்குங்கள், சிவப்பு, இனிப்பு, குமிழி, ஸ்ட்ராபெர்ரி வாசனை, ஆல்கஹால் ரொம்பவே கம்மி. கிடைக்காவிட்டால் போர்ச்சுகலின் ரூபி போர்ட், அதில் 20 சதவீதம் வரைக்கும் இருக்கும் என்பதால் சின்னக் கிளாஸில் 50, 60 மில்லி போதும். இரண்டும் இல்லாவிட்டால் கேக்குக்குக் காபி போடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒயின் தேர்வைவிட அதிகமாகக் கெட்டுப்போவது அதைக் கொடுக்கும் விதத்தில்தான். ஸ்பார்க்ளிங் ஒயின் 6 முதல் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள், மறந்துவிட்டால் ஒரு வாளியில் பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர் போட்டுக் கழுத்து வரை அமிழ்த்துங்கள், அரைமணியில் தயார். வெறும் பனிக்கட்டி மட்டும் போட்டால் பாட்டிலோடு அங்கங்கேதான் ஒட்டும், தண்ணீர்தான் சுற்றிலும் தழுவி வெப்பத்தை இழுக்கும். ஃப்ரீசரில் வைத்துவிட்டுச் சமையலில் மறந்துபோகாதீர்கள், உறைந்து விரிந்து வெடித்துவிடும்.

திறப்பதை அவர் முன்னால் செய்யுங்கள், ஆனால் திரைப்படத்தில் வருவது போல் குலுக்கிப் படாரென்று வேண்டாம். பாட்டிலுக்குள் சுமார் 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, தக்கை கண்ணில் பட்டால் விருந்து மருத்துவமனையில்தான் முடியும். மேலே உள்ள தாளைக் கிழித்துவிட்டு, கம்பிக் கூட்டின் காதை ஆறு அரைத் திருப்பு திருப்பித் தளர்த்துங்கள், அந்த நொடியிலிருந்து கட்டைவிரல் தக்கை மேலேயே இருக்கட்டும். கம்பியைத் தனியாகக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. பாட்டிலை ஆள் இல்லாத பக்கமாக 45 டிகிரி சாய்த்து, தக்கையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மறுகையால் பாட்டிலின் அடியைத் திருப்புங்கள். தக்கை தானாக மேலே வரப் பார்க்கும், வரவிடாமல் உள்ளே தள்ளுவது போலவே பிடித்திருங்கள், கடைசியில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு மெல்லிய சத்தத்தோடு வந்துவிடும். ஒரு சொட்டும் வீணாகாது. ஊற்றும்போது முதலில் கொஞ்சம், நுரை அடங்கியதும் மீதி. கிளாஸ் நீட்டுக் குழல் போல் இருக்க வேண்டாம், சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸே வாசனைக்கு நல்லது, முந்தைய நாளே வெந்நீரில் அலசிச் சோப்பு வாசனை போகக் காயவிட்டிருங்கள்.

மெழுகுவத்தி என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். லாவெண்டரும் வெனிலாவும் எரிந்துகொண்டிருக்கும் மேஜையில் ஒயினுக்கு வாசனை இருந்தும் இல்லாததுதான், நெடி அடிக்கும் பூங்கொத்துக்கும் அதே கதை, அதை வேறு அறையில் வைத்து வரவேற்கலாம். அவர் பூசியிருக்கும் வாசனைத் திரவியத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள், அதற்கு ஒயின் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளட்டும்.

ஊற்றிக் கொடுத்ததும் ‘எப்படி இருக்கு, எப்படி இருக்கு’ என்று கேட்காமல் இருக்க முடிந்தால் ரொம்ப நல்லது, பாட்டிலின் பெருமையையும் விலையையும் சொல்லாமல் இருங்கள். பார்ப்பதும் கேள்விப்படுவதும் நாக்கை எவ்வளவு ஆட்டிவைக்கும் என்பதற்கு ஒரு ஆய்வு உண்டு. 2001-இல் வெளியானது, பிரான்ஸின் போர்தோவில் ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனை இல்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள், அவர்களும் ரெட் ஒயினுக்குச் சொல்லும் சொற்களையே எழுதி வைத்தார்கள். படித்தவர்களுக்கே அப்படி. விலையைச் சொன்னால் உங்கள் மனைவி அந்த விலைக்காக அதை விரும்ப முயற்சி செய்வார், பாவம். பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடலாம் என்ற சுதந்திரம் அவருக்கு இருக்கட்டும், எலுமிச்சைத் துண்டு போட்ட சோடாவும் மேஜையில் தயாராக இருக்கட்டும். ஆல்கஹாலோடு ஒத்துக்கொள்ளாத மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றாலோ, கர்ப்பமாக இருக்கிறார் என்றாலோ இந்தப் பேச்சே வேண்டாம், ஆல்கஹால் நீக்கிய ஸ்பார்க்ளிங் ஒயின் வாங்கி அதே மாதிரி குளிரவைத்து அதே கிளாஸில் இரண்டு பேரும் குடியுங்கள்.

பாட்டிலில் மிச்சம் இருந்தால் வாயில் கரண்டியைச் செருகி வைக்கச் சொல்வார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. ஸ்பார்க்ளிங் ஒயினுக்கென்று கவ்விப் பிடிக்கும் மூடி ஒன்று விற்கிறது, அதைப் போட்டு நிமிர்த்தியே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், மறுநாளும் குமிழி இருக்கும், அதற்கு அடுத்த நாள் கொஞ்சம் சோர்ந்திருக்கும். அன்றைக்குக் காலையில் முட்டை பொரித்தால், மாலைக்கு எடுத்து வைக்காமல் அப்போதே ஆளுக்கு அரைக் கிளாஸ் ஊற்றி முடித்துவிடுங்கள்.